கோடியிலிருந்து ஒன்றுக்கு

குழந்தைப் பேறு வாய்க்காத ஓர் இல்லத்தில் குறை யாரிடம் இருக்கிறது என்ற விசாரணை எழும்போது, அது முதலில் பெண்ணின் பக்கமே திரும்புவது உலகத்தின் பல சமூகங்களிலும் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். விரதங்களும் வேண்டுதல்களும் அவளுக்கே விதிக்கப்பட்டன. மருந்துகள் அவளுக்கே புகட்டப்பட்டன. அவை பலிக்காதபோது புருஷனுக்கு மறுதாரம் தேடும் பேச்சும் அவள் காதில் விழும்படியே நடந்தது. திடகாத்திரமான சரீரமும் தாம்பத்திய சக்தியும் உடைய ஓர் ஆணின் விந்தில், சந்தான விருத்திக்கு வேண்டிய உயிரணு ஒன்றுகூட இல்லாதிருக்கலாம் என்பது வெறுங்கண்ணால் கண்டறியக்கூடிய விஷயமாக இல்லாததால், அத்தகைய சந்தேகம் தோன்றுவதற்கே இடமில்லாமற்போயிற்று. இன்றைய வைத்திய நூலோர் கணக்கிடுவதன்படி 100 ஆண்களில் ஏறக்குறைய ஒருவர் இக்குறை உடையவர். குழந்தையில்லை என்று பரிசோதனைக்கு வரும் ஆண்களிலோ 100-க்கு 10 முதல் 15 பேர் இவ்வகையினர்.

இவர்களின் உடலுக்குள்ளேயே தேடி, எங்கேனும் ஒரு மூலையில் தங்கியிருக்கும் உயிரணுக்களை எடுத்து, அவற்றைக்கொண்டு கருத்தரிக்கச் செய்யும் ரண சிகிச்சை முறைகள் தோன்றி இன்னும் 50 ஆண்டுகள் நிறைவுபெறவில்லை. ஆயினும் அவற்றின் பூர்வ சரித்திரம் 300 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அதனை ஆதியிலிருந்து தொடர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை தெளிவாகப் புலப்படும். ஓர் உயிர் உருவாவதற்கு ஆணிடமிருந்து கோடிக்கணக்கான அணுக்கள் வரவேண்டும், அவை தாமே நீந்திச் செல்லவேண்டும், உடலுக்குள் வகுத்த வழியெல்லாம் கடந்து முதிர்ந்திருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தலைமுறை வைத்தியரும் இயற்கையின் பெயரால் விதித்த நிபந்தனைகள் ஒவ்வொன்றாகக் கழிந்து, இறுதியில் உயிருள்ள ஒரே ஓர் அணு போதும் என்ற நிலை வந்தது. இனி வழியில்லை என்று கைவிடப்பட்ட ஆண்களிற் பலர் தகப்பன்மாரானதற்குக் காரணம், இயற்கை உண்மையில் கேட்பது எவ்வளவு சொற்பம் என்பதை மனிதன் சிறிது சிறிதாக அறிந்துகொண்டதே ஆகும்.

அந்த அறிவின் தொடக்கம் ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரத்தில். அங்கே வசித்த ரெய்னியர் டி கிராஃப் என்ற வைத்தியர் 1668-ஆம் ஆண்டில் ஆணின் ஜனன உறுப்புகளைப் பற்றி ஒரு நூல் எழுதி, விரை என்பது வெறும் சதைத் திரள் என்ற பழைய எண்ணத்தை மறுத்து, அது முற்றிலும் நுண்ணிய குழல்களால் ஆகியது என்று நிலைநாட்டினார். அதே ஊரில் துணி வியாபாரம் செய்துகொண்டே, தம் கையால் தேய்த்துச் சமைத்த சிறு கண்ணாடி வில்லைகளைக் கொண்டு நீர்த்துளியையும் பல்லழுக்கையும் ஆராய்ந்துவந்த அந்தோணி வான் லூவன்ஹூக் என்பவரை லண்டன் ராயல் சொஸைட்டிக்கு முதன்முதலில் அறிமுகம் செய்துவைத்தவரும் அந்த டி கிராஃபே. 1677-ஆம் ஆண்டில், லெய்டனில் வைத்தியம் பயின்ற யோஹான் ஹாம் என்னும் மாணவர், வெட்டை நோயுற்ற ஒருவனது விந்தில் வாலுடைய சிறு ஜீவன்கள் அசைவதைக் கண்டதாக லூவன்ஹூக்கிடம் வந்து கூறினார். அவை நோயினாலும் அழுகலினாலும் உண்டானவை என்பது அம்மாணவரின் அனுமானம். லூவன்ஹூக் தம்முடைய விந்தையே எடுத்து நோக்கி, ஆரோக்கியமானவனிடத்தும் அவை எண்ணற்றனவாக நிறைந்திருப்பதை நிச்சயித்தார். இவ்விஷயத்தை ராயல் சொஸைட்டியின் தலைவருக்கு எழுதியபோது, பாபகரமான எந்தச் செயலினாலும் தாம் அப்பொருளைப் பெறவில்லை என்றும், கற்றோர்க்கு இது அருவருப்பாகத் தோன்றுமாயின் வெளியிடாமல் விட்டுவிடலாம் என்றும் அவர் சேர்த்து எழுதவேண்டியிருந்தது. இத்துறையைத் தொட்ட ஒவ்வொருவரையும் பின்னர்த் தொடர்ந்துவந்த லஜ்ஜை, அதன் முதற் கடிதத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

கண்ணுக்குத் தெரிந்த அந்த ஜீவன்களின் பயன் இன்னதென்று நிர்ணயிக்க மேலும் இரண்டு நூற்றாண்டுகள் சென்றன. அவற்றுள் ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு மனிதன் மடங்கி உட்கார்ந்திருக்கிறான் என்று சிலர் கருதினர். ஹார்ட்ஸோக்கர் என்பவர் 1694-இல் அதனைச் சித்திரமாகவே வரைந்து காட்டினார். வேறு சிலரோ அவை விந்தில் குடியிருக்கும் ஒட்டுண்ணிகள், கருவுக்கும் அவற்றுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்றனர். இத்தாலிய தேசத்துப் பாதிரியாரும் விஞ்ஞானியுமான லாஸரோ ஸ்பல்லன்ஸானி ஆண் தவளைகளுக்குச் சிறு கால்சட்டைகள் தைத்து அணிவித்து, விந்து முட்டையைத் தொடாவிடில் கரு உண்டாவதில்லை என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டினார். விந்தைத் தாளில் வடிகட்டினால் வடிந்த நீர் சக்தியற்றுப்போவதையும் கண்டார். இவ்வளவும் கண்டபின்னும் அந்த வாலுடைய ஜீவன்களுக்கு அதில் பங்குண்டு என்பதை மட்டும் அவர் ஏற்கவில்லை. அதனை 1824-இல் ஜினீவாவில் பிரெவோ, டூமா என்ற இருவர் தவளைகளைக்கொண்டே மீண்டும் ஆராய்ந்து வலியுறுத்தினர். ஓர் அணுவின் உட்கரு முட்டைக்குள் புகுந்து முட்டையின் உட்கருவோடு ஒன்றாவதை ஜெர்மானியரான ஆஸ்கார் ஹெர்ட்விக் கடல்முள்ளெலியின் முட்டையில் கண்டு 1876-இல் வெளியிட்டபோதுதான், கரு உண்டாவதற்குக் கோடியில் ஒன்றே உட்புகுகிறது என்ற செய்தி உலகுக்குக் கிடைத்தது. அதனைச் சிகிச்சையாக மாற்றும் மார்க்கம் அப்போது எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இவ்வறிவு வைத்தியசாலைகளின் வாயிலுக்குள் நுழைந்த விதம் பெருமைப்படத் தக்கதாக இல்லை. 1884-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரத்து ஜெஃபர்ஸன் வைத்தியக் கலாசாலையில், வில்லியம் பான்கோஸ்ட் என்ற பேராசிரியரிடம் ஒரு வியாபாரியின் மனைவி குழந்தையின்மைக்காகச் சிகிச்சைக்கு வந்தாள். அவளையே பலமுறை பரிசோதித்துக் குறை ஒன்றும் காணாத பின்னரே கணவனைப் பரிசோதித்தார்கள். முன்பு அவனுக்கு வந்திருந்த வெட்டை நோயின் விளைவாக விந்தில் உயிரணுவே இல்லை என்று தெரிந்தது. பிறகு அப்பெண்ணுக்குக் குளோரோஃபாரம் கொடுத்து மயங்கச்செய்து, அங்கே கூடியிருந்த மாணவரில் ஒருவரின் விந்தை அவளது கருப்பையில் செலுத்தினார்கள். அவள் கருவுற்று ஓர் ஆண் மகவைப் பெற்றாள். நடந்தது இன்னதென்று பின்னர்க் கணவனுக்குச் சொல்லப்பட்டது, அவளுக்குச் சொல்லப்படவேயில்லை. அன்று உடனிருந்தவர்களில் ஒருவரான அடிஸன் ஹார்ட் 1909-இல் ஒரு வைத்தியப் பத்திரிகையில் எழுதிய பின்னரே உலகம் இதனை அறிந்தது. ஆணின் குறையை ஆணின் உடலிலேயே நீக்க வகை தெரியாத காலத்தில், அக்குறையை மறைப்பதற்குரிய விலை ஒரு பெண்ணின் சம்மதமாக இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அதே பிலடெல்ஃபியாவில், 18 ஆண்டுகள் கழித்து, நேர்மையான வேறொரு முயற்சி நிகழ்ந்தது. அதனை விளங்கிக்கொள்ள உறுப்பின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். விரையினுள் சுருண்டு கிடக்கும் நுண்குழல்களை நீட்டி இணைத்தால் சில நூறு மீட்டர் தூரம் செல்லும். அக்குழல்களின் சுவரிலேதான் உயிரணுக்கள் உற்பத்தியாகின்றன. ஓர் அணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாட்கள் ஆகின்றன. அங்கிருந்து அவை எபிடிடிமிஸ் என்னும் ஒற்றைக் குழலுக்குள் வருகின்றன. விரையின் முதுகில் ஒட்டிக்கொண்டு விரலளவே காணப்படும் அக்குழலைப் பிரித்து நீட்டினால் 6 மீட்டர் நீளம் இருக்கும். அதனையும் கடந்த பின்னரே விந்து நாளத்தின் வழியே அணுக்கள் வெளிச்செல்கின்றன. வெட்டை நோய் எபிடிடிமிஸைத் தாக்கி ஆறியபின் அக்குழல் அடைபட்டுப்போவது, நல்ல மருந்துகள் இல்லாத அக்காலத்தில் மிகச் சாதாரணம். எட்வர்ட் மார்ட்டின் என்ற ரண வைத்தியர், அடைப்புக்கு மேலேயுள்ள எபிடிடிமிஸைக் கீறித் திறந்து, விந்து நாளத்தின் வாயை அதன்மேல் பொருத்தி, மெல்லிய வெள்ளிக் கம்பியால் தைத்துப் புதுவழி உண்டாக்கும் முறையை முதலில் நாய்களிடத்தும் பின்னர் மனிதரிடத்தும் செய்து, 1902-இல் வெளியிட்டார். உயிரணுவே இல்லாதிருந்த ஒரு மனிதனின் விந்தில் அணுக்கள் தோன்றின. அவனுடைய மனைவி கருவுற்றாள். ஆணின் மலட்டுத்தன்மைக்கு அவனுடைய உடலிலேயே கத்தி வைத்துப் பலன் கண்ட முதல் வரலாறு இதுவே எனலாம்.

மார்ட்டினின் முறை அடைப்புள்ளவர்க்கு உரியது. ஆனால் விந்தில் அணு இல்லாமைக்கு வழி அடைபட்டிருப்பது ஒரு காரணம். விரையே உற்பத்தி செய்யாதிருப்பது மற்றொரு காரணம். வெளிப்பார்வையில் இவ்விரண்டையும் பிரித்தறிவது பலகாலும் கடினமாக இருந்தது. 1940-ஆம் ஆண்டில் சார்லஸ் சார்னி என்ற அமெரிக்க வைத்தியர், விரையிலிருந்து ஒரு சிறு துணுக்கை அறுத்தெடுத்து நுண்கண்ணாடியின் கீழ் ஆராய்வதன் பயனை எடுத்துரைத்தபின், அப்பரிசோதனை எங்கும் பரவியது. குழல்களில் அணுக்கள் நிறைந்திருந்தால் அடைப்பு; இல்லையேல் உற்பத்திக் குறை. 1947-இல் புவெனஸ் அயர்ஸ் நகரத்து டெல் காஸ்டில்லோவும் அவருடைய தோழர்களும், குழல்களில் வளர்ப்புத் தாயணுக்கள் மட்டும் இருந்து வித்தணுக்கள் அறவே இல்லாத ஒரு நிலையை விவரித்தனர். அதன்பின் ஏறக்குறைய 50 ஆண்டுக் காலம் அத்துணுக்கின் வாக்கே இறுதி வாக்காக இருந்தது. துணுக்கில் அணு இல்லையென்றால் அம்மனிதனிடம் அணுவே இல்லை. தத்தெடுப்பதோ பிறர் விந்தை நாடுவதோ அன்றி வேறு மார்க்கம் இல்லை என்று தம்பதிகளை அனுப்பிவைத்தார்கள். அப்படி அனுப்பியதில் வைத்தியர் மீது குற்றம் காண்பதற்கில்லை. அவர்கள் அறிந்த உண்மை அவ்வளவே.

அடைப்பை நீக்கும் கலை இதற்கிடையில் தன் பாதையில் முன்னேறியது. அதில் நம் தேசத்துக்கும் ஒரு பங்குண்டு. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக விந்து நாளத்தை அறுத்துக்கொண்ட ஆண்கள் பலர் உள்ள நாட்டில், பெற்ற குழந்தைகளை நோயிலோ விபத்திலோ பறிகொடுத்துவிட்டு மீண்டும் பிள்ளை வேண்டி வைத்தியரிடம் வருவோர் இருப்பது இயல்பு. பம்பாயைச் சேர்ந்த ஜி. எம். பட்கேயும் ஏ. ஜி. பட்கேயும் அறுந்த நாளத்தை மீண்டும் இணைத்த தம் அனுபவங்களை 1967-இல் ஓர் அமெரிக்க மூத்திரவியல் சஞ்சிகையில் வெளியிட்டனர். அவர்கள் அடைந்த வெற்றி அக்காலத்து மேல்நாட்டாரின் கவனத்தையும் ஈர்த்தது. அவர்களுக்குப் பின் 1970-களின் நடுவில் ஷெர்மன் ஸில்பர் முதலியோர் ரண சிகிச்சைக்குரிய நுண்கண்ணாடியை இத்துறைக்குக் கொண்டுவந்து, மயிரினும் மெல்லிய நைலான் இழையால் நாளத்தின் உள்வாயையும் வெளிச்சுவரையும் தனித்தனியே தைக்கும் முறையை நிலைபெறச் செய்தனர். வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தோன்றும் எபிடிடிமிஸ் குழலின் வாயையே விந்து நாளத்தோடு நேருக்கு நேர் பொருத்தலாம் என்பதை 1978-இல் ஸில்பர் காட்டினார்.

இத்தனை நுட்பமும் ஒரு வகுப்பினர் முன் செயலற்று நின்றது. பிறவியிலேயே விந்து நாளம் இல்லாத ஆண்கள் அவர்கள். விரை செவ்வனே இயங்குகிறது, அணுக்கள் உற்பத்தியாகின்றன, வெளியேறும் பாதையோ கருவிலேயே அமையவில்லை. இணைப்பதற்கு மறுமுனையே இல்லாதபோது இணைப்பது எங்ஙனம்? சில வைத்தியர்கள் நோயாளியின் சொந்த இரத்தக்குழாயைக்கொண்டும், பிற்காலத்தில் செயற்கைப் பொருள்களைக்கொண்டும் எபிடிடிமிஸின்மேல் ஒரு சிறு பை தைத்து, அதில் சேரும் அணுக்களை ஊசியால் உறிஞ்சி மனைவியின் கருப்பையில் செலுத்திப் பார்த்தார்கள். மிகச் சில கர்ப்பங்களே விளைந்தன. பைகள் விரைவில் தூர்ந்துபோயின. ஆயினும் வழியைச் சீர்படுத்த இயலாதெனில் அணு இருக்கும் இடத்துக்கே சென்று அதனை எடுத்துக்கொள்ளலாம் என்னும் எண்ணம் முதன்முதலில் வடிவுபெற்றது அம்முயற்சிகளிலேயே.

அவ்வெண்ணத்துக்கு உயிர் கொடுத்தது, 1978-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிறந்த லூயிஸ் பிரவுன் என்னும் பெண் குழந்தை. ராபர்ட் எட்வர்ட்ஸ், பாட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகிய மூவரின் உழைப்பால் கருமுட்டையும் விந்தணுவும் உடலுக்கு வெளியே கண்ணாடிக் கலத்தில் கூடின. பெண்ணின் கருக்குழாய் அடைப்புக்காகத் தோன்றிய இச்சிகிச்சை ஆணின் குறைக்கும் மருந்தாகும் என்பதை விரைவில் உணர்ந்தவர்கள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள். பீட்டர் டெம்பிள்-ஸ்மித், ஆலன் ட்ரௌன்ஸன், இலங்கையில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய டேவிட் டி கிரெட்ஸர் முதலானோர், நாள அடைப்புள்ள ஒருவரின் எபிடிடிமிஸைத் திறந்து, அதிலிருந்து அணுக்களை உறிஞ்சி, கண்ணாடிக் கலத்தில் கருமுட்டையுடன் சேர்த்துக் கருவுறச் செய்ததை 1985-இல் வெளியிட்டனர். உடலுக்குள்ளிருந்து உயிரணுவை மீட்டெடுக்கும் இக்கால முறைகளுக்கெல்லாம் தொடக்கம் அதுவே. பிறவியிலேயே நாளம் இல்லாதவர்களிடம் ஸில்பரும் ரிக்கார்டோ ஆஷ் முதலியோரும் அம்முறையை விரித்துச் செய்து, 1990-இல் அதன் பலன்களைத் தொகுத்துக் கூறினர்.

அம்முயற்சியில் ஒரு விந்தையான உண்மை வெளிப்பட்டது. எபிடிடிமிஸின் தலைப்பகுதியிலிருந்து வால்பகுதிக்குப் போகப்போக அணுக்கள் முதிர்ந்து நீந்தும் ஆற்றல் பெறுகின்றன என்பது மிருகங்களில் செய்த ஆராய்ச்சிகளால் 1960-களிலேயே உறுதிப்பட்ட சித்தாந்தம். அதன்படி வால்பகுதியில் ஊசியிட்டவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மடிந்து சிதைந்த அணுக்கள். விரைக்கு மிக அருகில், சித்தாந்தத்தின்படி முதிராத அணுக்களே இருக்கவேண்டிய இடத்தில், துடிப்போடு நீந்தும் அணுக்கள் காணப்பட்டன. வழி அடைபட்ட உறுப்பில், முன்னே சென்றவை வெளியேற இடமின்றி அங்கேயே கிடந்து மூப்படைய, புதிதாக வந்தவை பின்னே நிற்கின்றன என்பது இதனால் விளங்கிற்று. நீண்ட பயணம் இன்றியமையாதது என்ற நிபந்தனை இங்கே முதன்முறையாக ஆட்டங்கண்டது.

இதே காலத்தில், நாளம் அடைபடாமலும் உற்பத்தி குன்றாமலும் இருந்தும் விந்து வெளிப்படாத வேறொரு கூட்டத்தாரும் வைத்தியத்தின் உதவியைப் பெற்றனர். முதுகுத்தண்டில் காயமுற்றவர்கள் அவர்கள். 1936-இல் ஆஸ்திரேலியாவில் செம்மறிக் கிடாக்களுக்காகக் கண்டறியப்பட்ட மின்தூண்டல் முறையை, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் 1948-இல் ஹார்ன், பால், மன்ரோ என்ற அமெரிக்கர்கள் இத்தகைய மனிதரிடம் பயன்படுத்தினர். அதிர்வுக் கருவியைக்கொண்டு அதே பலனைப் பெறும் எளிய வழியை 1981-இல் இங்கிலாந்தின் கைல்ஸ் பிரிண்ட்லி விவரித்தார். சக்கர நாற்காலியில் வாழ்நாளைக் கழிக்க நேர்ந்த இளைஞனுக்கும் தகப்பனாகும் ஆசை உண்டு என்பதை வைத்திய உலகம் மதிக்கத் தொடங்கியதன் அடையாளம் இது.

எபிடிடிமிஸிலிருந்து எடுத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தவை, ஆற்றலிலும் மெலிந்தவை. அவற்றைக் கருமுட்டையின் அருகில் விட்டாலும் பலமுறை முட்டையின் உறையைத் துளைக்க இயலாமல் நின்றன. ஆதலால் அணுவை உறைக்குள் கொண்டுசேர்க்கும் வேலையை மனிதனின் கை ஏற்கவேண்டியதாயிற்று. இலங்கையில் பிறந்த தமிழரும், 1983-இல் சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்கக் காரணமாக இருந்தவருமான மகப்பேற்று வைத்தியர் எஸ். ஷான் ரத்தினத்தின் தலைமையில், எஸ். சி. இங், ஆரிஃப் பாங்ஸோ முதலானோர் முட்டையின் புறவுறைக்கு அடியில் அணுக்களை ஊசியால் செலுத்திக் கர்ப்பம் உண்டாக்கியதை 1988-இல் அறிவித்தனர். அணுவை முட்டையின் உள்ளேயே குத்திச் செலுத்தினால் முட்டை மாண்டுபோகும் என்ற அச்சத்தால் அவர்களும் பிறரும் அந்த உறையின் எல்லையைத் தாண்டத் துணியவில்லை. பெல்ஜியம் தேசத்து பிரஸ்ஸெல்ஸ் நகரில் இதே முறையைப் பயின்றுகொண்டிருந்த ஜான்பியேரோ பலெர்மோ என்ற இத்தாலிய இளைஞரின் கை ஊசி ஒருநாள் தவறுதலாக முட்டையின் உட்சவ்வையும் ஊடுருவி, அணு உள்ளே புகுந்துவிட்டது. முட்டை மாளவில்லை, செம்மையாகக் கருவுற்றது. வான் ஸ்டெய்ர்டெகெம், டெவ்ரோய், யோரிஸ் ஆகியோருடன் அவர் அம்முறையைச் செப்பனிட்டார். அதன்வழி உண்டான முதற் குழந்தை 1992 ஜனவரியில் பிறந்தது; அவ்வாண்டு ஜூலையில் லான்ஸெட் சஞ்சிகை இச்செய்தியை வெளியிட்டது. இன்று நம் ஊர் மருத்துவமனைப் பலகைகளில் ‘இக்ஸி’ என்று எழுதியிருப்பது இம்முறையையே.

இக்ஸியினால் எண்ணிக்கை என்ற நிபந்தனை நீங்கியது. நீந்தும் வன்மை என்ற நிபந்தனையும் நீங்கியது. பத்து முட்டைகளுக்குப் பத்து அணுக்கள் போதும். அவை அசைந்து தம் உயிரைக் காட்டினாலே போதும். அப்படியாயின், எபிடிடிமிஸுக்கே வந்துசேராத, விரையின் குழல்களுக்குள்ளேயே இருக்கும் அணுவும் பயன்படாதோ என்ற கேள்வி தானாகவே எழுந்தது. 1993-இல் பெல்ஜியத்தில் ஷாய்ஸ்மானும், லண்டனில் இயன் கிராஃப்டும், அவர்களை அடுத்து பிரஸ்ஸெல்ஸ் குழுவினரும் விரையின் துணுக்கிலிருந்து பிரித்தெடுத்த அணுக்களால் முட்டைகளைக் கருவுறச் செய்தனர். தோலைக் கீறாமலே எபிடிடிமிஸில் ஊசியிட்டு உறிஞ்சும் எளிய முறையைக் கிராஃப்டின் குழுவினர் பரப்பினர். விரையிலேயே ஊசியிட்டு எடுக்கும் முறையும் உடன் வளர்ந்தது. நுண்கண்ணாடியும் நீண்ட மயக்கமும் வேண்டிய ஒரு சிகிச்சை, மரத்துப்போகும் மருந்தோடு சிறிது நேரத்தில் முடியும் காரியமாக மாறியது. அடைப்பினால் அணு இல்லாதவர்களைப் பொறுத்தவரை பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது என்றே சொல்லலாம். அவர்களிடம் தேடினால் ஏறக்குறைய எப்போதும் அணு கிடைக்கிறது.

மிஞ்சியிருந்தவர்கள் உற்பத்தியே குன்றியவர்கள். விந்தில் அணு இல்லாத ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இவர்களே. சார்னியின் காலம்தொட்டு ஒரு துணுக்கின் சாட்சியத்தால் நிரந்தரமாகத் தீர்ப்பளிக்கப்பட்டவர்களும் இவர்களே. 1995-ஆம் ஆண்டில் டெவ்ரோயும் அவருடைய குழுவினரும் இத்தகையோரின் விரையிலும் பல இடங்களில் துணுக்கெடுத்துத் தேடினால் சிலரிடம் அணுக்கள் அகப்படுகின்றன என்றும், அவற்றால் கர்ப்பங்கள் உண்டாயின என்றும் அறிவித்தபோது அந்தப் பழைய தீர்ப்பு உடைந்தது. வறண்டதென்று தோன்றும் நிலத்தில் ஓரிடத்தில் கிணறு தோண்டி நீர் காணாதவன், பத்தடி தள்ளி ஊற்று ஓடக்கூடும் என்பதை அறியாமல் நிலத்தையே விட்டுப்போவது போன்ற செயலாக இருந்தது முந்தைய பரிசோதனை. குன்றிய விரையிலும் உற்பத்தி எங்கும் ஒரே சீராகக் குன்றுவதில்லை. சிற்சில குழல்களில் மட்டும் அது தொடர்ந்து நடக்கலாம். ஆனால் அவ்விடத்தைக் கண்டுபிடிக்கக் கண்மூடித்தனமாகப் பல துணுக்குகளை அறுத்தெடுப்பதால் இரத்த ஓட்டம் கெட்டு, எஞ்சிய சுரப்பும் நலிந்துபோகும் அபாயம் இருந்தது.

இவ்வபாயத்துக்கு விடைகண்டவர் நியூயார்க் நகரத்துப் பீட்டர் ஷ்லெகல். விரையின் வெண்ணிற உறையை நடுவில் அகலத் திறந்து, நுண்கண்ணாடியால் 15 முதல் 25 மடங்கு வரை பெரிதாக்கிப் பார்த்தால், வெறுமையான குழல்கள் மெலிந்திருக்க, அணு உற்பத்தியாகும் குழல்கள் பருத்தும் பால்போல் அடர்ந்தும் தோன்றும் என்பதை அவர் கவனித்தார். அவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து, அறுவை அறையிலேயே அமர்ந்திருக்கும் கருவியல் நிபுணரிடம் கொடுக்க, அவர் அத்துணுக்கைப் பிரித்துத் தேடுகிறார். கிடைக்கவில்லையென்றால் வேறு பகுதியில் தேடல் தொடர்கிறது. சில சமயம் பல மணி நேரம் இது நீடிப்பதுண்டு. 1999-இல் ஷ்லெகல் வெளியிட்ட கணக்கின்படி, பழைய முறையில் 45 சதவிகிதம் பேரிடம் கிடைத்த அணு இம்முறையில் 63 சதவிகிதம் பேரிடம் கிடைத்தது. அதனினும் முக்கியமான மற்றொரு கணக்கும் அதில் உண்டு. பழைய முறையில் சராசரி 720 மில்லிகிராம் சதை எடுக்கவேண்டியிருந்த இடத்தில், இப்போது 9.4 மில்லிகிராமே எடுக்கப்பட்டது. நோயாளியின் உடலிலிருந்து எடுப்பது குறையக் குறைய, அவனுக்குக் கிடைப்பது கூடியது. மைக்ரோ டீஸே என்று வழங்கும் இம்முறை இன்று சென்னை முதலிய நம் நகரங்களிலும் நடைபெறுகிறது.

இதன் பயனை மிகத் துலக்கமாகக் காட்டுவது கிளைன்ஃபெல்டர் நோயின் வரலாறு. 1942-இல் ஹாரி கிளைன்ஃபெல்டர் முதலியோர் விவரித்த இந்நிலை, ஆணிடம் ஓர் எக்ஸ் குரோமோசோம் மிகையாக இருப்பதன் விளைவு என்பது 1959-இல் எடின்பரோவில் தெளிவாயிற்று. சிறுத்து இறுகிய விரையும் அணுவற்ற விந்தும் உடைய இவர்கள் எக்காலத்தும் தகப்பனாக முடியாது என்று பாடநூல்கள் திட்டமாக எழுதிவைத்திருந்தன. 1998-இல் பலெர்மோவும் ஷ்லெகலும் சேர்ந்து, இத்தகைய ஆண்களின் விரையிலிருந்து எடுத்த அணுக்களால் பிறந்த குழந்தைகளைப் பற்றி வெளியிட்டபோது, பாடநூல்கள் தம் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டன.

அறிவு வழங்கிய இப்பேறு ஒரு கடமையையும் உடன் கொணர்ந்தது. இயற்கை ஏன் இவ்வழியை அடைத்தது என்று கேட்காமல் திறப்பது விவேகமாகாது. பிறவியில் விந்து நாளம் இல்லாத ஆண்களிற் பெரும்பாலோர், நுரையீரலைப் பாழ்படுத்தும் ஸிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்ற நோய்க்குரிய மரபணுவில் மாறுதல் உடையவர்கள் என்பது 1990-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. மனைவியிடமும் அம்மாறுதல் மறைந்திருக்குமாயின் பிறக்கும் குழந்தைக்கு அந்நோய் வரக்கூடும். ஆகவே சிகிச்சைக்கு முன் இருவரையும் சோதிப்பது அவசியமாயிற்று. ஒய் குரோமோசோமில் சில பகுதிகள் அழிந்திருப்பதால் உற்பத்தி குன்றலாம் என்பதை 1976-இலேயே இத்தாலியரான தியேப்போலோவும் சுஃபார்தியும் ஊகித்தனர். 1996-இல் அப்பகுதிகள் மூன்றாக வகுக்கப்பட்டன. முதல் இரண்டில் ஒன்று முழுவதும் அழிந்தவரிடம் கத்தி வைத்துத் தேடுவதில் பயன் ஏறக்குறைய இல்லை. மூன்றாவது அழிந்தவரிடம் அணு கிடைக்கலாம், ஆனால் பிறக்கும் ஆண் மகவும் தகப்பனின் குறையையே சுதந்தரிக்கும். எடுக்கக்கூடுமா என்பதோடு, எடுத்துக் கொடுப்பது என்ன என்பதையும் தம்பதிகளுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டிய பொறுப்பு இதனால் வைத்தியர்க்கு வந்தது.

சொல்லவேண்டிய வேறு இரண்டு உண்மைகளும் உண்டு. உற்பத்தி குன்றியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் எவ்வளவு நுட்பமாகத் தேடினாலும் அணு கிடைப்பதில்லை. கிடைத்தவர்கள் அனைவருக்கும் குழந்தை பிறப்பதும் இல்லை. நம்பிக்கையை விற்பனைப் பொருளாக்கும் விளம்பரங்களில் இந்தப் பாதி பெரும்பாலும் மறைந்துபோகிறது. மற்றோர் உண்மை மனைவியைப் பற்றியது. குறை கணவனிடம் இருந்தபோதிலும், கருமுட்டைகளை வளர்க்கப் பத்து நாட்களுக்கு மேல் ஊசிகளை ஏற்பவளும், மயக்கத்தில் முட்டைகளை எடுக்கத் தன் உடலைக் கொடுப்பவளும், கரு தங்காவிடில் அதன் சோகத்தைத் தன் கருப்பையிலேயே சுமப்பவளும் அவளே. 1884-ஆம் ஆண்டில் பிலடெல்ஃபியாவில் கேட்கப்படாத அவளுடைய சம்மதம், இன்று முதலில் கேட்கப்படவேண்டிய சம்மதம். நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இச்சிகிச்சைகளுக்கு இருவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலையும் கட்டாயமாக்கியிருப்பது முற்றிலும் தகும்.

ஆகவே இந்நெடிய சரித்திரத்தின் பலனை, பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது போதாது. துணிவியாபாரி ஒருவர் கூசிக்கூசி எழுதிய கடிதத்திலிருந்து நியூயார்க் அறுவை அறை வரையில், தவளையையும் கடல்முள்ளெலியையும் சாட்சிகளாக நிறுத்தி, ஒவ்வொரு சித்தாந்தமாகக் கைவிட்டு, இத்தனை தேசத்து அறிஞர்கள் தேடியறிந்த சாரம் ஒன்றுண்டு. ஆணின் மலட்டுத்தன்மை ஏனைய நோய்களைப் போன்ற ஒரு நோய். அதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றுள் சிலவற்றுக்கு மருந்து உண்டு, சிலவற்றுக்கு இல்லை. ஆண்மைக்கும் கௌரவத்துக்கும் அதனோடு யாதொரு சம்பந்தமும் இல்லை. இதனை ஏற்றுக்கொண்டவன் அணு கிடைக்காவிடினும் தன் மனைவியின் முகத்தை நேராக நோக்கி, தத்தெடுப்பதா, இருவராகவே வாழ்வதா என்று அவளோடு கலந்து முடிவுசெய்ய வல்லவனாகிறான். கணவனின் விந்தைச் சோதிப்பது வலியற்றது, செலவு குறைந்தது, ஒரே நாளில் முடிவது. மனைவியைச் சோதிப்பதோ இவை எதுவும் அல்லாதது. இவ்வளவும் தெரிந்த பின்னரும், ஓர் ஆண் தான் பரிசோதனைக்கு வராமல் மனைவியை மட்டும் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் அனுப்பிக்கொண்டிருப்பானாயின், அது விஞ்ஞானத்தின் குறையாகாது. நம் குடும்பங்களின் குறை. எந்த நுண்கண்ணாடியின் உதவியுமின்றி அதனை நாமே நீக்கிக்கொள்ளலாம், நீக்கிக்கொள்ளவேண்டும்.